கொடியில் கோத்த மீன்கள்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. அதில் சடையனும் விருமாயியும் கூட்டாளிகள். திருக்கை மீனின் வால் முள்ளைக் குச்சியில் கட்டி, ஆளுக்கொரு ஈட்டியோடு சேர்ந்து மீன் குத்தும்.

கூட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. குத்திய மீனை உடனே பாறைமேல் போட்டுவிட வேண்டும். தண்ணீரில் ரத்தம் கசிந்தால் சுறா வரும்!

ஒருநாள் கொடுவா மீன்கள் திரளாக வந்தன. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. குத்திய மீன்களை ஒரு கொடியில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டது.

விருமாயி பார்த்துவிட்டது. "அண்ணே, என்ன வேலை இது! பாறையில் போட்டுவிட்டு வா!"

"ஒவ்வொரு மீனுக்கும் மேலே போய் வந்தால் மீதி மீனெல்லாம் ஓடிவிடும், தங்கச்சி!"

"அப்படியானால் நான் கரையேறுகிறேன்!"

"சரி, சரி, போட்டுவிடுகிறேன்" என்று சடையன் தலையாட்டியது. ஆனால் பாறைக்குப் போகவில்லை. சுறா வந்தால் தன்னிடம் வரக்கூடாதே என்று நினைத்தது. விருமாயி கவனிக்காதபோது, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு கல்லில் கொடியை மாட்டிவிட்டு நைசாகத் தள்ளிப் போனது.

சற்று நேரத்தில் சுறா வந்தது. சடையன் ஒரே தாவலில் பாறைமேல் ஏறிக்கொண்டது. ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

விருமாயி ஓடவில்லை. ஓடினால் சுறா துரத்தும் என்று அதற்குத் தெரியும். நேருக்கு நேர் திரும்பி, ஈட்டிக் கட்டையால் சுறாவின் மூக்கைத் தள்ளியது. "போய்விடு! என்னிடம் ஒன்றும் இல்லை!"

"பொய்! உன் பின்னாலேயே ரத்தம் வழிகிறது!"

அப்போதுதான் கொடியில் தொங்கிய மீன்கள் விருமாயியின் கண்ணில் பட்டன. விலகுவதற்குள் சுறா பாய்ந்து கவ்வியது. மீன்களோடு விருமாயியின் பின்னங்காலில் பாதியும் போயிற்று.

விருமாயி எப்படியோ கரை சேர்ந்தது. அங்கே சடையன் கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, "பாவிச் சுறா! வாருங்கள், அதைக் குத்திக் கொல்வோம்!" என்று கத்திக்கொண்டிருந்தது.

"வாயை மூடு!" என்றது விருமாயி. எல்லா நீர்நாய்களும் திடுக்கிட்டுத் திரும்பின. "சுறா பசிக்கு வந்தது. என் கண்முன்னால் வந்தது. ஏன் வந்தேன் என்றும் சொன்னது. நீ என்ன செய்தாய்? என் முதுகுக்குப் பின்னால் ரத்தத்தைக் கட்டிவிட்டு, மேலே நின்று வேடிக்கை பார்த்தாய்!"

"நீ கெட்டிக்காரி, சமாளித்துவிடுவாய் என்று..." சடையன் இழுத்தது.

"நீ கெட்டிக்காரன்தானே! உன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமாளித்திருக்கலாமே!"

நீர்நாய்கள் உறுமின. சடையனின் ஈட்டியைப் பிடுங்கி முறித்துப் போட்டன. "இனி எங்களோடு தண்ணீரில் இறங்கினால் தெரியும்!" என்று விரட்டியடித்தன.

பத்து நாள் கழித்து சடையன் ஒரு பெரிய நண்டோடு வந்து நின்றது. "சாப்பிடு, தங்கச்சி. நடந்ததை மறந்துவிடு."

விருமாயி மூன்று காலில் எழுந்து நின்றது. நண்டைச் சடையனின் மூஞ்சியிலேயே விட்டெறிந்தது.

"இன்னொரு தடவை என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் உன் நாக்கு இருக்காது. போ!"

தன் ஆசைக்காக ஆபத்தை வரவழைத்து, அதை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுபவன் அந்த ஆபத்தைவிடக் கொடியவன்.