எல்லாரும் எழுந்த பிறகு பல்லி பாடிய பாட்டு

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் நம்மைவிடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, முதல் மழை பெய்த மறுநாள் காட்டில் பெரிய கச்சேரி நடக்கும். யார் பாடலாம், எப்போது பாடலாம் என்று முடிவு செய்வது செம்போத்து. அதன் சிவந்த கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் யானைகூட வரிசையில் நிற்கும்.

அந்த வருஷம் பல்லியும் பாட வந்தது. புதிதாகக் கல்யாணமான பல்லி. "நான் பெரிய பாடகன்" என்று பெண் வீட்டில் அளந்துவிட்டிருந்தது. அதை நம்பி மாமியார்ப் பல்லி சுற்றத்தோடு வந்து புளியமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று பாடாவிட்டால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலைகாட்ட முடியாது.

மயில் அகவியபோது பல்லி வாயைத் திறந்தது. பக்கத்திலிருந்த எறும்புக்கே கேட்கவில்லை. சரி, தவளைகளோடு சேர்ந்து பாடலாம் என்று பார்த்தது. அவை போட்ட கூச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"நடுவுல நுழைஞ்சு கெடுக்காதே, ஓரமாப் போ!" என்று செம்போத்து விரட்டியது.

கடைசியாகக் குயில் பாடி முடித்தது. "அவ்வளவுதான், எல்லாரும் கிளம்பலாம்!" என்றது செம்போத்து. இறக்கைகள் படபடத்தன, குளம்புகள் தடதடத்தன, இடம் காலியாகிவிட்டது. எருமை மட்டும் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அசைபோட்டபடி கிடந்தது. மாமியாரும் நகரவில்லை.

"மாப்பிள்ளை இன்னும் பாடலியே. நான் எப்படிப் போறது?"

பல்லி பயந்துபோய்க் கிளையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை. யாரும் பேசவில்லை. காற்றும் நின்றுவிட்டது. இலையில் தங்கிய மழைத்துளி சொட்டுவதுகூடக் கேட்டது. அந்தக் காடு அதுவரை அப்படிச் சும்மா இருந்ததே இல்லை.

அப்போதுதான் பல்லி பாடியது. "ச்சு... ச்சு... ச்சு..."

அந்தச் சின்னக் குரல் காடு முழுக்கப் போயிற்று. எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "அட! என்னமாப் பாடறான்யா!"

"எங்க மாப்பிள்ளை!" என்று மாமியார் வாலை ஆட்டி ஆட்டிச் சொன்னது. பல்லி சந்தோஷம் தாங்காமல் கிளையின் அடிப்பக்கமாகத் தலைகீழாக ஓடியது.

செம்போத்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. "யாருய்யா பாடினது? எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. அடுத்த வருஷம் முதல் பாட்டு உனக்குத்தான்!"

"வேண்டாம்ணே, எனக்குக் கடைசியே போதும். ஆனா அதுக்கு முன்னால ஒரு சத்தமும் இல்லாம இருந்துச்சே, அந்த நேரத்தை மட்டும் குடுங்க. அதுலதான் என் குரல் நிக்குது."

"முடிஞ்சுதுன்னு நெனைச்சு எல்லாரும் போயிடுவாங்களேப்பா!"

"எருமையண்ணன் போகலியே!"

அன்று முதல்தான் வீட்டில் எல்லாரும் பேசி ஓய்ந்தபின் சுவரிலிருந்து பல்லி குரல் கொடுக்கிறது. சில கேசட்டுகளில் கடைசிப் பாட்டு முடிந்து, நாடா சும்மா ஓடி ஓடி, பிறகு அட்டையில் பேர் போடாத ஒரு பாட்டு திடீரென்று வருவதும் அன்று முதல்தான். ஆகவே அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். "ஏன் எருமை மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்று யாராவது திட்டினால் திட்டட்டும், பாட்டு உங்களுக்குத்தான்.