திரைக்கு மேலே தெரிந்த கைகள்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்கு, முடிவெடுத்து முடிவெடுத்துச் சலித்துப்போயிற்று. இனி அறுபது சபையோரும் கை தூக்கிச் சொல்வதே முடிவு என்று அறிவித்தான். அமைச்சர் விருத்தகிரி அதற்குச் சட்டம் எழுதினார்: தூக்கிய கை அமைச்சரின் கண்ணில் பட வேண்டும்.

அன்றிலிருந்து எல்லாக் கேள்விக்கும் அறுபது கைகள் எழுந்தன. தூக்குமுன் எல்லோரும் அமைச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அரசன் பூரித்துப்போனான்.

அரண்மனை விகடகவி நீலாயி மட்டும் சொன்னாள்: "அறுபது கை இருக்கிறது மகாராஜா. மனசு ஒன்றுதான், அது அமைச்சருடையது."

மறுநாள் விருத்தகிரி சபையில் கேட்டார், நீலாயியை நாடுகடத்தலாமா என்று. அறுபது கைகள் எழுந்தன. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் கூத்தனாரின் கையும் அவற்றில் இருந்தது. அவள் அந்த ஒரு கையைத்தான் பார்த்தாள்.

மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும் என்றாள். சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வேறு பதிலைக் காட்டு, முடியாவிட்டால் மாலைக்குள் எல்லையைத் தாண்டிவிடு என்றான் அரசன்.

அவள் மண்டபத்தின் குறுக்கே ஆளுயரத் திரை கட்டி, சபையோரை அதற்குப் பின்னால் நிறுத்தினாள். தூக்கினால் கை மட்டும் மேலே தெரியும். அமைச்சர் முன்னால் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

மூன்று கைகள் எழுந்தன.

"இது சட்டமீறல் அரசே" என்றார் விருத்தகிரி.

"கை உங்கள் கண்ணில் படுகிறதா, அமைச்சரே?" என்று கேட்டாள் நீலாயி.

"படுகிறது. யாருடைய கை?"

"அதைச் சட்டம் கேட்கவில்லையே."

அரசன் கண்ணீர் வரச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டான். இனி எந்தக் கேள்விக்கும் கை தூக்குவது திரைக்குப் பின்னால்தான் என்று ஆணையிட்டான்.

சபை கலைந்தபோது கூத்தனார்தான் முதலில் வந்தார். "இந்தத் தடவை நான் தூக்கல, நீலாயி" என்றார் தணிந்த குரலில். அவள் தலையாட்டினாள்.

பிறகு அடுத்தவர் வந்து அதையே சொன்னார். அடுத்தவரும். ஒவ்வொருவராக அறுபது பேரும் வந்து, தாங்கள் கை தூக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அறுபது பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் கூத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அவருக்கும் ஓர் இலை போட்டாள்.