கூவியது யார் வீட்டுப் பிள்ளை?

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில் அத்திமரத் தோப்பு ஒன்று இருந்தது. குழந்தைகளே, அந்தத் தோப்பின் கிளைகளில் குரங்குகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. மரத்தடியில் மான்கள் மேய்ந்தன. ஓடையின் அக்கரைப் புதரில் சிறுத்தை ஒன்று இருந்தது.

சிறுத்தை அத்தனை அருகில் இருந்தும் தோப்பு அஞ்சாமல் உறங்கியதற்குக் காரணம், மேலே உயர்ந்து நின்ற காவற்பாறை. அதன் உச்சியில் காவற்குரங்குகள் கண்கொட்டாமல் நின்றன. அக்கரைப் புதர் அசைந்தால் போதும், அவை ஒருமித்துக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் மான் பாயும், குரங்கு மரமேறும், சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பும்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும், விருப்பமுள்ள இளங்குரங்குகள் பயிற்சிக்காகப் பாறை ஏறும். இரண்டு பௌர்ணமி கழியும்வரை அவை கீழே இறங்கக் கூடாது. வீட்டாரும் மேலே போகக் கூடாது. 'தாயைக் கண்டால் பிள்ளை தாயைப் பார்ப்பான். காட்டைப் பார்க்கமாட்டான்' என்பது பாறையின் சட்டம்.

அவ்வாண்டு பாறை ஏறியவர் முப்பதின்மர் என்பாரும் உண்டு; முப்பத்திருவர் என்பாரும் உண்டு. அவர்களுள் ஒருவன் துடியன்.

துடியனின் தாய் மருதி, கவலையே உருவானது. புறப்படும் நேரத்தில் மகனின் வாயில் அத்திப்பழங்களைத் திணித்துக்கொண்டே இருந்தது.

"போதும், அம்மா. கன்னத்தில் இடமில்லை."

"வழியில் பசிக்குமே!"

"என்ன வழி? அதோ தெரிகிறது பாறை!"

தந்தை செங்கோடன் அதிகம் பேசாது. "வாலைப் பார்த்து ஏறு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று மாலை, மிளகளவே இருந்த கடைக்குட்டி மிளகி கேட்டது: "அம்மா, அண்ணன் கிளையில் நான் படுத்துக்கொள்ளட்டுமா?"

"அவன் வந்தால் எங்கே படுப்பான்?"

"அவன்தான் இரண்டு பௌர்ணமிக்கு வரமாட்டானே!"

செங்கோடன் மகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது.

மறுநாள் விடியலில், பாறையிலிருந்து பயிற்சிக் குரல் எழுந்தது. குரலா அது? ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று நடுவில் இருமியது. எல்லாம் ஓய்ந்த பிறகு, கீச்சென்ற குரல் ஒன்று தனியாக நீண்டு முடிந்தது.

மருதி கிளையில் துள்ளியது. "அதோ! கடைசியாக முடிந்ததே, அவன்தான் என் மகன்!"

அடுத்த கிளையில் இருந்த வாலாயி சிரித்தது. அதன் மகனும் அன்றுதான் பயிற்சிக்குச் சென்றிருந்தான். வாலாயி எதையும் நிதானமாக எண்ணிப் பார்க்கும் இயல்பினது.

"பெருமைப்படாதே, மருதி. என் மகனைக் கேட்டாயா? பழுத்த பலா தொப்பென்று விழுந்தாற்போல் ஒரு சத்தம் வந்ததே, அது அவன்."

அன்றுமுதல் இரு தாய்மாரும் விடியற்காலந்தோறும் ஒரே கிளையில் அமர்ந்து காதுகொடுத்தனர். கீச்சுக்குரல் கேட்டால்தான் மருதிக்குப் பழம் தொண்டையில் இறங்கும்.

ஒன்பதாம் நாள் கீச்சுக்குரல் கேட்கவில்லை. பத்தாம் நாளும் கேட்கவில்லை. பதினோராம் நாள் மருதி உண்ணவும் இல்லை, உறங்கவும் இல்லை.

இதைக் காட்டுப்பூனை ஒன்று மறைந்திருந்து கவனித்தது. சிறுத்தை தின்று மீந்ததில் வயிறு வளர்ப்பது அதன் தொழில். தன்னைச் சிறுத்தையின் சித்தி மகன் என்று சொல்லிக்கொள்வது அதன் வழக்கம். காவற்பாறை விழித்திருந்ததால் சிறுத்தை பட்டினி. சிறுத்தை பட்டினியால் பூனையும் பட்டினி.

பூனை மரத்தடிக்கு வந்து பெருமூச்சு விட்டது. "தாயே, சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்றுப் பாறையடியில் போனேன். மேலே ஒரு பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். 'அம்மா, அம்மா' என்று முனகினான்."

"ஐயோ! துடியனா?"

"பெயரை நான் கேட்கவில்லை. கீச்சுக்குரல்."

மருதி நெஞ்சில் அடித்துக்கொண்டது. பூனை குரலைத் தாழ்த்தியது. "நாளை நடுப்பகலில் பாறை ஏறுங்கள். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். பெற்றவளுக்கு எந்தச் சட்டம் தடை?"

பூனை அங்கிருந்து நேரே சிறுத்தையிடம் ஓடியது. "அண்ணா! நாளை நடுப்பகலில் ஒரு தாய் பாறையேறிக் கத்தப்போகிறாள். அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பும். அந்த நேரம் ஓடையைத் தாண்டிவிடுங்கள்."

"அண்ணனா? உன் சித்தி யாரென்றே எனக்குத் தெரியாது" என்றது சிறுத்தை. "முதலில் இரை கிடைக்கட்டும்; பிறகு உறவு பேசலாம்."

மறுநாள் உச்சி வெயிலில், மிளகி ஓடைக்கரையில் ஒரு மான்கன்றோடு விளையாடிக்கொண்டிருந்தது. மருதி புறப்பட்டது.

"போகாதே" என்றது செங்கோடன்.

"உங்களுக்கு நெஞ்சு கல்!"

செங்கோடனின் கைப்பழம் மூன்று நாளாகக் கடிபடாமல் கையிலேயே இருந்ததை மருதி பார்க்கவில்லை.

மருதி பாறையடிக்கு ஓடி, முதல் கல்லில் கை வைத்தது. பின்னாலிருந்து அதன் வாலை யாரோ பற்றி இழுத்தார்கள். திரும்பினால், மூச்சிரைக்க வாலாயி!

"விடுங்கள், அக்கா! என் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறான். நான்கு நாளுக்குமுன் கேட்ட குரல் இப்போது எங்கே?"

"என் பலாப்பழம் விழுந்தும் ஆறு நாளாயிற்று, மருதி."

மருதி திகைத்தது. "அப்படியானால் உங்கள் மகனுக்கும் காய்ச்சலா?"

"நேற்று நம் தோப்பில் எல்லா வீட்டிலும் விசாரித்தேன். எவளுக்கும் தன் பிள்ளையின் குரல் தனியாகக் கேட்கவில்லையாம். முப்பது பேருக்கும் ஒருசேரக் காய்ச்சல் வருமா? முதல் நாள் அவர்கள் கத்தியதை நினைத்துப் பார். அதைக் கேட்டுச் சிறுத்தை பயந்திருக்குமா, சிரித்திருக்குமா?"

"சிரித்திருக்கும்."

"இன்று விடியலில் கேட்டதற்கு?"

மருதி எண்ணிப் பார்த்தது. விடியலில் பாறையே வாய்திறந்தாற்போல் ஒரே குரல் எழுந்ததும், தோப்பின் இலையெல்லாம் நடுங்கியதும் அப்போதுதான் அதன் நினைவில் ஏறின.

"ஒன்றாய்க் கூவக் கற்றுக்கொண்டுவிட்டார்களடி" என்றது வாலாயி. "நீ இப்போது ஏறிக் கூப்பிட்டால், உன் மகன் திரும்பிப் பார்ப்பான். கூடவே என் மகனும் பார்ப்பான். அக்கரையை யார் பார்ப்பது?"

மருதியின் கை கல்லைவிட்டு மெல்ல இறங்கியது. இறங்கிய கை தரையைத் தொடுமுன், உச்சியிலிருந்து எழுந்தது அந்தக் குரல். பெரிய குரல். ஒற்றைக் குரல்.

ஓடைக்கரையில் மான்கன்று அம்பாகப் பாய்ந்தது. செங்கோடன் கிளையிலிருந்து குதித்து மிளகியை அள்ளிக்கொண்டு மரமேறியது. மறுகணம் மிளகி நின்ற மணலில், தாயின் கூப்பாட்டுக்குக் காத்திராமல் ஓடையைத் தாண்டிய சிறுத்தையின் கால் பதிந்தது. மணலைத் தவிர அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"எல்லாத் தலையும் திரும்பும் என்றாயே!" என்று உறுமிக்கொண்டே சிறுத்தை, புதரில் காத்திருந்த பூனையை ஓர் அறை அறைந்தது. "ஒரு கண்கூடத் திரும்பவில்லை! இனி அண்ணன் என்று அழைத்தாயானால், உன்னையே இரையாகக் கொள்வேன்!"

பூனை அன்றே அந்தக் காட்டைவிட்டு ஓடிற்று.

மருதி தோப்புக்கு ஓடிவந்து மிளகியைத் தலைமுதல் வால்வரை தடவிப் பார்த்தது. ஒரு கீறலும் இல்லை. பிறகு செங்கோடனின் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதது.

"சிறுத்தையை முதலில் கண்டு கூவியது யார்?" என்று கேட்டது.

"யாருக்குத் தெரியும்?" என்றது செங்கோடன். "எல்லாரும் ஒன்றாய்க் கூவினார்கள்."

மருதி கண்ணைத் துடைத்துக்கொண்டது. நல்ல பழுத்த அத்திப்பழங்களாகப் பறித்தது. பாறைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கெல்லாம், ஒன்றுவிடாமல், அவற்றைக் கொண்டுசென்றது.

முதல் வீட்டில் இருந்த தாய்க்குரங்கு வெட்கத்தோடு மறுத்தது. "என் மகனா? அவன் தூங்குமூஞ்சி. சிறுத்தை மூக்கைக் கடித்தாலும் விழிக்கமாட்டான். அது அவனாயிராது."

"அவனாயும் இருக்கலாமே! என் மகள் உயிரோடு இருக்கிறாள். வாங்கிக்கொள்" என்றது மருதி.

அப்படியே வீடு வீடாகச் சென்றது. வாலாயிக்கு மட்டும் இரட்டைப் பங்கு வைத்தது. "ஒன்று உங்கள் மகனுக்கு, அக்கா. மற்றது என் வாலைப் பிடித்ததற்கு."

"வலித்ததா?"

"இன்னும் வலிக்கிறது. நல்ல வலி."

பொழுது சாயும் நேரத்தில் மருதி தன் மரத்துக்குத் திரும்பியது. அதன் அடியில் பெண்மான் ஒன்று நின்றிருந்தது. அதன் வாயில் காய்த்துக் குலுங்கிய நெல்லிக்கொப்பு இருந்தது. அருகில் அன்று ஓடைக்கரையில் விளையாடிய கன்று நின்றது.

மான் கொப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "அம்மா, உங்கள் பிள்ளையும் பாறையில் இருப்பதாகச் சொன்னார்கள். என் கன்று பிழைத்தது. கூவியது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. அதனால் எல்லா வீட்டுக்கும் போய் வருகிறேன்."

"அது என் மகனாயிராது" என்று சொல்ல மருதி வாயெடுத்தது. சொல்லவில்லை. கீழே இறங்கி, நெல்லிக்கொப்பை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டது.

நீதி: நம்மைக் காத்த குரல் எவர் பிள்ளையுடையது என்று நாம் அறியோம், ஆதலால் பிள்ளையைக் காவலுக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றியுடையராய் இருத்தல் வேண்டும்.