சிறை நீங்கிய பறவை

முன்னொரு காலத்தில் மஞ்சுமலை நாட்டைத் திண்தேர்க்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் கோபம் வந்தாலும் ஆணை போடுவான், கொட்டாவி வந்தாலும் ஆணை போடுவான். போட்ட ஆணையைத் திரும்பப் பெறும் பழக்கம் மட்டும் அவன் வம்சத்திலேயே கிடையாது.

அவனுக்கு அமைச்சராக இருந்தவள் எயினி என்ற இளம்பெண். அதைப் பொறுக்காதவர் அவைப்புலவர் ஆதிசேடர். எந்தச் சொல்லைக் கேட்டாலும் நாலைந்து பொருளை அடுக்குவார் என்பதால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் பல்பொருட் புலவர்.

தமக்குப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் ஒருநாள் அவர் அவைக்குக் கற்கண்டு கொண்டுவந்தார். தட்டு எயினியிடம் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அரசே, நம் மலையில் ஓர் அதிசயம்! இருவாச்சி என்ற பறவை தன் பெண்டாட்டியை மரப்பொந்துக்குள் வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறது. அலகு நீட்ட ஒரு பிளவு, அவ்வளவுதான். பெண்ணுக்கு இடம் உள்ளேதான் என்று இயற்கையே சொல்கிறது. நம் அமைச்சர் அம்மணிக்கு மட்டும் வெளியில் என்ன வேலையோ?"

அவை சிரித்தது. எயினிக்குக் காது சுட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜா துள்ளி எழுந்துவிட்டான். ஆனால் புலவர் நினைத்த பக்கம் அவன் துள்ளவில்லை.

"என் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சிறையா? யாரைக் கேட்டு? எயினி, நாளை மாலைக்குள் அந்தப் பறவையின் சிறை நீங்க வேண்டும். நீங்காவிட்டால் வில்லாளிகள் போவார்கள். அந்த ஆண் பறவையைக் கொன்று, சுவரை இடிப்பார்கள். உன் முத்திரை மோதிரமும் புலவர் விரலுக்குப் போகும்!"

"அரசே, அந்தச் சுவரைப் பூசியவளே அவள்தான், குஞ்சு பொரிப்பதற்காக உள்ளே இருந்துகொண்டு..."

"தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் பெண் எங்கே இருக்கிறாள்? ஆணை ஆணைதான்!"

புலவர் இன்னொரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

மலையேறும் வழியெல்லாம் எயினி மனசுக்குள்ளேயே ராஜாவோடு சண்டை போட்டாள். சுவரை உடைத்தால் மோதிரம் தப்பும். உள்ளே இருப்பவளும் குஞ்சும் தப்புவார்களா? பொந்து இருந்த மரத்தடியில் போய் நின்றாள். காலடியில் கறுப்பும் வெள்ளையுமாக நீளநீளமாய் இறகுகள் கிடந்தன. உள்ளே போனவள் உதிர்த்து, பிளவு வழியே வெளியே தள்ளியவை. எயினி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தனியாக நின்றே விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் மாலை, பட்டு மூடிய தட்டோடு அவைக்கு வந்தாள்.

"ஆணை நிறைவேறியது அரசே. பறவையின் சிறை நீங்கிவிட்டது."

"பலே! பறவை எங்கே?"

"பொந்துக்குள் சுகமாக இருக்கிறாள்."

"ஏமாற்று! பச்சை ஏமாற்று!" என்று குதித்தார் புலவர்.

"புலவரே, கோபம் வேண்டாம். சிறை என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள்?"

கேட்ட மாத்திரத்தில் அவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "காவல், மதில், அணை, சிறகு..." கடைசிச் சொல்லின் பாதியிலேயே நாக்கு குழறியது.

எயினி பட்டுத்துணியை விலக்கினாள். தட்டு நிறைய, அந்தப் பறவையின் சிறகிலிருந்து உதிர்ந்த இறகு.

"சிறகு நீங்கியவள் எப்படிப் பறப்பாள் அரசே? புது இறகு முளைக்கும்வரை அந்தச் சுவர்தான் அவளுக்குக் காவல். நேரில் வந்து பாருங்கள்."

ராஜா பார்க்கப் போனான், புலவரையும் இழுத்துக்கொண்டு. மரத்தடியில் எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள். பெருங்காற்று அடிப்பதுபோல் 'உஸ்... உஸ்...' என்று சிறகடித்து ஆண் இருவாச்சி வந்து பொந்தை ஒட்டி உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக எடுத்துப் பிளவில் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு வாங்கிக்கொண்டது.

ராஜாவின் முகம் வெளிறியது. "இவனையா கொல்லச் சொன்னேன்? உள்ளே பட்டினியால்..." என்று நிறுத்தினான். கீழே சிந்திய விதைகள் சின்னஞ்சிறு கன்றுகளாக நிற்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"இந்தக் காட்டில் பாதி இவர்கள் தின்று போட்ட விதைதான் அரசே. நம் அரண்மனை ஓடை இந்தக் காட்டில்தான் பிறக்கிறது" என்றாள் எயினி.

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பறவையைக் கும்பிட்டான். "நான் குடித்த தண்ணீருக்கு இத்தனை நாள் நன்றி சொல்லாமல் இருந்துவிட்டேன். இனி இந்த மலையில் கோடரி ஏறக் கூடாது. எயினி, உனக்கும் நன்றி. மோதிரம் உன் விரலிலேயே இருக்கட்டும்."

பிறகு புலவர் பக்கம் திரும்பினான். "ஏன் ஐயா, இயற்கை சொல்வதைக் கேட்க வேண்டும் என்றீர். பிள்ளை பெற்ற உம் மனைவிக்கு நீர் என்ன ஊட்டினீர்?"

"சமையல்கட்டு எந்தத் திசையில் என்றுகூட எனக்கு..."

"தெரிந்துகொள்ளும்! அவளாகப் போதும் என்று சொல்லும்வரை சமைத்து, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆணை!"

சில நாளில் புலவர் வீட்டிலிருந்து எயினிக்கு ஆள் வந்தது. "எங்கள் எஜமானியம்மா அமைச்சருக்குக் கோடி நன்றி சொல்லச் சொன்னார்கள். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் சூடாகச் சாப்பிடுகிறார்களாம். போதும் என்று சொல்ல அவர்களுக்கு இப்போதைக்கு உத்தேசமே இல்லையாம்."