இருவாச்சி வாங்கிய பத்துப் பழம்

மழை விட்டால் தூறல், தூறல் விட்டால் மழை என்று நனைந்தே கிடக்கும் ஒரு மலைக்காட்டில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்தன. பிள்ளைகளே, இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும் வரை வெளியே வராது. அதன் இறகுகளும் உள்ளே உதிர்ந்துவிடும். ஆண் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பாடு, இல்லையென்றால் பட்டினி.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆலமரம் இருந்தது. எட்டு நாளுக்கு ஒருமுறை பங்கு நாள். அன்று பெருங்குரலன் என்ற இருவாச்சி கூடு ஒன்றுக்கு நாற்பது பழம் என்று எண்ணிக் கொடுக்கும். நாளுக்கு ஐந்து பழம், எட்டு நாளுக்குச் சரியாக இருக்கும்.

இணை பொந்துக்குள் அடைகாத்திருக்க, அலகன் என்ற ஆண் இருவாச்சி தன் பங்கை ஒரு மரப்பிளவில் சேர்த்து வைத்திருந்தது. ஒரு பெருமழையில் தண்ணீர் இறங்கி, மிச்சமிருந்த பத்துப் பழமும் அழுகிவிட்டன. பங்கு நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பெருங்குரலனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் காட்டிலேயே பெரிய அலகு தன்னுடையது என்று பெருமை பேசித் திரிந்த பறவை, பிளவைச் சரியாகப் பார்க்காமல் பழத்தை அழுகவிட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்லும்? அது நேரே மொட்டைவால் குரங்கிடம் போனது. ஆண்டு முழுவதும் காய்க்கும் அத்திமரம் ஒன்றை அந்தக் குரங்கு வளைத்துப் போட்டிருந்தது.

"வா மாப்பிள்ளை! பத்துதானே? எடுத்துக்கொள். ஏன் எதற்கு என்று நான் கேட்கவே மாட்டேன்" என்று சிரித்தது குரங்கு. "பங்கு நாளில் பத்தையும் கொடுத்து, என் சிரமத்துக்கு இரண்டு சேர்த்துக் கொடு. போதும்."

இப்படிப்பட்டவர்களின் முகத்தில் சிரிப்புக்கு என்றுமே பஞ்சம் கிடையாது.

பங்கு நாள் வந்தது. பன்னிரண்டைக் கொடுத்தால் வீட்டுக்கு இருபத்தெட்டுதான் மிஞ்சும். அலகன் தயங்கி நின்றது.

"அட, இதற்கா முகம் வாடுகிறாய்? பத்து அப்படியே இருக்கட்டும். இரண்டை மட்டும் வைத்துவிட்டுப் போ. அடுத்த பங்கு நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்றது குரங்கு.

அலகனுக்கு அந்தக் குரங்கு தெய்வமாகத் தெரிந்தது.

அந்த எட்டு நாளின் கடைசியில் அந்த இரண்டு பழம் குறைந்தது. அலகன் மறுபடியும் குரங்கிடம் போய், "இரண்டே இரண்டு கொடு" என்று கேட்டது.

"பத்துக்குக் குறைத்து நான் கொடுப்பதில்லை, மாப்பிள்ளை."

வாங்கிக்கொண்டது. அன்றுதான் குஞ்சு பொரித்தது. அதிகப்படியாக வந்த எட்டும் போன இடம் தெரியவில்லை. கடன் இருபது ஆனது. பங்கு நாள்தோறும் வைக்க வேண்டியது நான்கு ஆனது.

பொந்துக்குள் ஐந்து போன இடத்தில் பாதி நாள் நான்குதான் போனது.

"என்னங்க, இன்றைக்கும் நான்குதானா?" என்று கீறல் வழியே கேட்டது பெண் இருவாச்சி வரிச்சி. "குஞ்சு கத்திக்கொண்டே இருக்கிறதே!"

உண்மையைச் சொல்லத்தான் அலகன் வாயைத் திறந்தது. வந்தது வேறு ஒன்று.

"நான் என்ன செய்வேன் வரிச்சி? பெருங்குரலன் பங்கைக் குறைத்துவிட்டான்."

உள்ளே அடைபட்டிருப்பவள் வெளியே வந்தா பார்க்கப் போகிறாள்? அந்தத் தைரியம்தான்.

ஐந்து பங்கு நாட்கள் இப்படியே போயின. ஒரு பகலில் பெருங்குரலன் நான்கைந்து பழங்களோடு அந்த மரத்துக்கு வந்தது. அலகன் எலும்பும் தோலுமாகத் திரிவதைப் பார்த்து அதற்கு மனம் கேட்கவில்லை. அலகனும் அப்போது அங்கேதான் இருந்தது.

குரலைக் கேட்டதும் பொந்துக்குள்ளிருந்து வரிச்சி வெடித்தது. "வந்தாயா, பங்குத் திருடா! என் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கித் தின்றது செரித்துவிட்டதா?"

பக்கத்து மரங்களில் இருந்த எல்லா இருவாச்சிகளும் திரும்பிப் பார்த்தன.

பெருங்குரலன் திகைத்தது. "அம்மா, யார் சொன்னது? எல்லாக் கூட்டுக்கும் நாற்பது. உங்கள் கூட்டுக்கும் நாற்பது. என் அலகாலேயே எண்ணிக் கொடுத்தேன்."



"என்னங்க?" என்றது வரிச்சி. அந்த ஒரு சொல்தான்.

அலகனால் அங்கே நிற்கவும் முடியவில்லை, பறக்கவும் முடியவில்லை. கிளையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னது.

"வாங்கியது எவ்வளவு?" என்று கேட்டது பெருங்குரலன்.

"இருபது."

"இதுவரை கொடுத்தது?"

அலகன் அன்றுதான் முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தது. முதலில் இரண்டு, பிறகு ஐந்து தடவை நான்கு. "இருபத்திரண்டு."

"இன்னும் கொடுக்க வேண்டியது?"

"இருபது" என்றது அலகன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அலகனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

பத்துக் கூடுகள் ஆளுக்கு இரண்டு பழம் போட்டன. பெருங்குரலன் அந்த இருபதையும் அலகன் முன்னால் வைத்தது.

"இது உனக்காக இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு உயிருக்காக. அன்றைக்கே கேட்டிருந்தால் பத்தையும் சும்மாவே கொடுத்திருப்பேன். நீ என்னைத் திருடனாக்கினாய். அதை நான் மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

அந்த வார்த்தை நியாயமானது.

மொட்டைவால் குரங்கு இருபதையும் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டது. "கணக்கு தீர்ந்தது மாப்பிள்ளை! எப்போது வேண்டுமானாலும் வா, மரம் திறந்தே இருக்கும்" என்று பின்னாலிருந்து கூவியது.

அதன் பிறகு அலகன் பழத்தோடு கூட்டுக்கு வரும்போதெல்லாம், வரிச்சி ஒவ்வொரு பழத்தையும் வாங்கும்போது காடு முழுக்கக் கேட்கும்படி எண்ணியது.

"ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு."

நான்கு என்றதும் நிறுத்தும். அக்கம்பக்கத்து மரங்களில் எல்லா அலகுகளும் இந்தப் பக்கம் திரும்பும். ஐந்தாவது பழம் தன் அலகில் இருந்தும், அலகனின் தலை தானாகக் குனியும்.

நீதி: தவணைக்கு மேல் தவணை கேட்டு வட்டியை மட்டும் கட்டுகிறவன் கடனைக் குறைப்பதில்லை; அதை வெட்கப்பட்டு மறைத்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.