வேதவல்லி துடைக்கும் கண்ணாடி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அவசரக்காரர்களுக்கு இந்த வழக்கு சரிப்படாது.

திருச்சியில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய குடியிருக்கும் ஒரு தெருவில், முதல் மாடியில் தணிகாசலம் இருந்தார். வீட்டில் அவரும் மனைவி வேதவல்லியும்தான். இரண்டு பேர் இருந்தும் அது ஒண்டி ஆள் வீடு. வேதவல்லிக்கு மறதி நோய். போனில் தெரியும் சொந்த மகளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு? நல்லா சிரிக்குது" என்பாள். தணிகாசலம் ஏதாவது கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது வேறு யாருக்கோ சொன்ன பதிலாக இருக்கும். இன்றைக்கும் தனக்குத்தானே பேசித் தீர்த்தாயிற்று என்று சாயங்காலமானால் மனிதர் நினைத்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அவருக்குச் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை, சோடாபுட்டிக் கண்ணாடி. கல்யாணமான புதிதில் தொடங்கி, காலையில் அதை வாங்கி முந்தானையில் துடைத்து அவர் முகத்தில் மாட்டிவிடுவது வேதவல்லிதான். எல்லாம் மறந்தும் அவள் கை அதை மறக்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் எதையும் பார்த்ததில்லை. துடைப்பாள், மாட்டுவாள், ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பாள். "வந்துட்டீங்களா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் தணிகாசலம் படுக்கையை விட்டு எழுந்தார். ஒருநாள் குளித்துவிட்டு வெறும் முகத்தோடு வந்தவரைப் பார்த்து, "யாருங்க நீங்க? வீட்ல அவரு இல்லையே" என்று சுவரோரம் ஒதுங்கிவிட்டாள்.

இப்படியிருக்க, அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "புரையை எடுத்துட்டு உள்ள லென்ஸ் வைப்போம். தூரத்துக்கு வெச்சா, நடக்க, ஆள் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். படிக்க மட்டும் போட்டுக்கணும். கிட்டத்துக்கு வெச்சா, வெறுங்கண்ணால படிக்கலாம். மத்ததுக்கெல்லாம் இப்ப மாதிரியே கண்ணாடி. வெச்ச பிறகு லேசுல மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

நாக்பூரிலிருந்து மகள் சுபாஷினி பிடித்துக்கொண்டாள். "தூரத்துக்கே வைங்கப்பா. ஆடி மாசம் நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அன்று துடைக்க வாங்கிய கண்ணாடியோடு வேதவல்லி படி இறங்கித் தெருவோடு போய்விட்டாள். அவள் போனதும் தணிகாசலத்துக்குத் தெரியவில்லை, கதவு திறந்து கிடந்ததும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு காலி அறைகளில் அவளைக் கூப்பிட்டபடி இருந்தார். கீழ்வீட்டு ஆரோக்கியமேரிதான் அவளை ரயில்வே கேட் பக்கம் கண்டு கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அப்போதும் வேதவல்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு கதவைப் பூட்டிப் பார்த்தார். அவள் கதவை அடித்து அழுத அழுகையைக் கேட்கச் சகிக்காமல் அவரே திறந்துவிட்டார். வேறு சட்டத்தில் இன்னொரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதையும் முகத்திலிருந்து உருவி அதே அக்கறையோடு துடைத்தாள்.

ஆனால் ஆரோக்கியமேரியே வேறு மாதிரி சொன்னாள். "கிட்டத்துக்கே வெச்சுக்கங்கண்ணே. கண்ணாடி போட்ட மூஞ்சிதான் அண்ணிக்குப் புருஷன். அதையும் கழட்டிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

தூரத்து லென்ஸ் என்றால் அவளைத் தொலைக்கமாட்டார். அவளுக்கு இவர் தொலைந்துபோவார். கிட்டத்து லென்ஸ் என்றால் அவள் அடையாளம் கண்டுகொள்வாள். என்றைக்காவது ஒருநாள் ரயில்வே கேட்டைத் தாண்டிவிடுவாள். இதில் யார் சொன்னது சரி? மகளா, ஆரோக்கியமேரியா? தணிகாசலம் எந்த லென்ஸைக் கேட்டார்?

விடை: இருவர் சொன்னதும் சரி. தணிகாசலம் தூரத்துக்கே வைத்துக்கொண்டார். பழைய சட்டத்தில் பவரில்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு வாங்கிவந்தார். துடைக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, அவள் நகர்ந்தால் இவருக்குத் தெரியும். கெட்டிக்காரர்தான். ஆனால் முதல் நாள் காலையில் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் அவள் துடைக்கும்போது அவள் முகம் அவருக்கு வெறும் மங்கல். இப்போது பளிச்சென்று தெரிந்தது. அந்நிய வீட்டில் அகப்பட்டுக்கொண்டவள் போல, பயந்த கண்ணோடு அவரைப் பார்த்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறதி வந்த நாளிலிருந்து தினமும் அந்தக் கொஞ்ச நேரம் தான் யாரோவாக நின்றிருக்கிறோம் என்று தணிகாசலத்துக்கு அன்றுதான் தெரிந்தது. அழுகை முட்டியது. அசையாமல் முகத்தை நீட்டினார். அவள் மாட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள், பயம் போய்விட்டிருந்தது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்" என்றார்.