ஏகாம்பரத்துக்கு ஓர் இடம்

வெள்ளந்திப்பட்டித் திருமணத் தகவல் நிலையத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை என்று பார்த்தால் ஜாதகங்களைச் சேமித்துவைக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றுதான். அன்று அதுவும் மக்கர் செய்தது.

பதினோரு வருஷமாக ஊரார் ஜாதகங்களை ஏற்றிவந்த ஏகாம்பரம், நாற்பது வயதில் துணிந்து தன் ஜாதகத்தை ஏற்றினான். சர்வர் ‘இடம் இல்லை’ என்றது. விடிந்தால் ஆடி. அப்புறம் ஒரு மாசத்துக்கு யாரும் ஜாதகம் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

மானேஜர் பஞ்சவர்ணம் அக்கா சென்னை என்ஜினியருக்குப் போன் போட்டார். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார்.

“நான் அனுப்பின புது டிஸ்க்கை சர்வர்ல மாட்டுங்க. குரூப்புல சேர்த்துடுங்க. வால்யூமைக் கூட்டுங்க. கடைசியா இடத்தைப் பெருக்கணும், மறந்துடாதீங்க!”

கூட வேலை பார்க்கும் மாசிலாமணி டிஸ்க்கைக் கயிற்றில் கட்டி சர்வரின் கழுத்தில் மாட்டினான். பார்க்க அம்சமாக இருந்தது.

“வாட்ஸ்அப் குரூப்புல சேக்க நம்பர் வேணுமே?” என்றார் அக்கா.

“முதுகுல பத்து நம்பர் போட்டிருக்குக்கா.”

சேர்த்தார்கள். ‘நல்வரவு டிஸ்க் சார்’ என்று பூங்கொத்துப் படமும் போட்டார்கள்.

“கூட்டுறதுன்னா விளக்குமாத்தாலயாக்கா?” ஏகாம்பரம் கவலையோடு கேட்டான்.

அக்கா கண்ணை மூடி யோசித்தார். “பெருக்குறது கடைசியில தனியா வருதுல்ல? அப்ப கூட்டுறது வேற. ரேடியோவைத் திருகு.”

ரேடியோ அலறியதில் வாசலில் படுத்திருந்த நாய் ஊரை விட்டே ஓடியது. பிறகு ஏகாம்பரம் சர்வர் இருந்த இடத்தை மூன்று தரம் பெருக்கினான். எட்டுப் பேனா மூடி கிடைத்தது. திரும்ப ஜாதகத்தை ஏற்றினான். ‘இடம் இல்லை.’

விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டான்.

“அழாதேண்ணே. டிஸ்க்தான் குரூப்புல இருக்கே? ஜாதகத்தை அங்கயே போடு. வச்சுக்கறதுதானே அதோட வேலை?” என்றான் மாசிலாமணி.

போட்டான். அரைமணி நேரத்தில் டிஸ்க் போனில் கூப்பிட்டது!

“ஏப்பா, நான் தேனியில வாழைக்காய் மண்டி வச்சிருக்கிற மொக்கராசு. யார்றா நீங்கன்னு திட்டத்தான் போனை எடுத்தேன். அதுக்குள்ள என் தங்கச்சி அந்த ஜாதகத்தைப் பாத்துட்டா. அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. விடிஞ்சா ஆடி, இன்னைக்கே வந்துடறோம்.”

ஏகாம்பரம் சர்வரில் தொங்கிய டிஸ்க்கின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “மச்சான்!” என்றான்.

சாயங்காலம் என்ஜினியர் கூப்பிட்டார். ஏகாம்பரமே எடுத்தான்.

“டிஸ்க் என்னாச்சு?”

“வந்துட்டிருக்காரு சார். திண்டுக்கல் தாண்டிட்டாராம்.”

என்ஜினியர் காதைத் தேய்த்துக்கொண்டார். “லைன் சரியில்லை. இடம் கிடைச்சுதா, இல்லையா?”

“கிடைச்சுது சார். நல்ல இடம்!”

“எத்தனை சதவீதம்?”

“நூறு சதவீதம் சார்!”

“நூறா? அப்ப மறுபடி ரொம்பிடுச்சே! நாளைக்கே இன்னொரு டிஸ்க் அனுப்புறேன்.”

மாசிலாமணி போனைப் பிடுங்கினான். காது வரை வெட்கம்.

“அது எனக்கு சார்!”